எண்ணிக்கையில் குறைந்த தூண்டில் முள்

கட்டிங் அக்காவால் எதையும் எண்ணாமல் விட முடியாது. அது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். பன்னிரண்டு வருஷமாக அவள் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்கிறாள். அந்த இயந்திரத்துக்கு இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி கீழே இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அப்படியிருந்தும் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன் கூப்பிட்டு, "இந்தா பாரும்மா, வரும்போது பத்து விரல், போகும்போது பத்து விரல். இங்க இது ஒண்ணுதான் சட்டம்" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் கை கழுவும்போது விரல்களை எண்ணிவிட்டுத்தான் கிளம்புகிறாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பத்தும் பத்திரமாக இருக்கின்றன.

பூனையும் அந்த அச்சகத்திலிருந்து வந்ததுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், வெட்டின காகித ஓரங்கள் விழும் தொட்டிக்குள் ஒரு சாம்பல் நிறக் குட்டி சுருண்டு கிடந்தது. சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். வந்த அன்றே அது ஒவ்வொரு பையாக, ஒவ்வொரு செருப்பாக மோந்து பார்த்து, எல்லோரையும் குற்றவாளி மாதிரி ஏற இறங்கப் பார்த்தது. டவுன் பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு, டிக்கெட்டை எடுத்து வச்சுக்குங்க" என்றார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்டருக்குக் கழிப்பறை வேண்டுமே. கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் அடைத்த பூனை மண்ணைக் காட்டினார். அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாசம் நாலு பை என்றால் வருஷத்துக்கு நாற்பத்தெட்டு பை. இத்தனையும் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டாள். கடைக்காரர் அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணப் போய்விட்டார். மறுநாளிலிருந்து மை படாத வெள்ளைக் காகிதச் சீவல் துணிப்பையில் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. தட்டில் பரப்பினால் மெத்து மெத்தென்று இருக்கும். நனைந்ததை அள்ளி ஒரு மூடித் தொட்டியில் மண்ணோடு மக்கவிடுவாள். அந்த உரம் மொட்டைமாடிப் பூச்செடிகளுக்கு மட்டும்தான்; தக்காளிச் செடிப் பக்கம் கொண்டுபோனால் வீடே இரண்டு படும். பூனையின் படுக்கை, கணவரின் பழைய காக்கி பேன்ட்டின் இரண்டு கால்கள். விளையாட, சீவல் அடைத்த ஒற்றைக் காலுறை.

இந்த ஒழுங்கில் அவள் ஒரே ஒரு தடவை சறுக்கினாள். போன வருஷம் இயந்திரம் பழுதாகிப் பத்து நாள் வெட்டே நடக்கவில்லை. சீவல் தீர்ந்துவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், கடைசியில் அதே கடையில் ஒரு பை பூனை மண் வாங்கினாள். தட்டில் கொட்டி, மேலே பழைய நோட்டுத் தாளைக் கிழித்துப் போட்டு மூடினாள். காலிப் பையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து அச்சகத்துக் குப்பைக்கூடையில் சேர்த்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

சாப்பாடு விஷயத்துக்கு வருவோம். இன்ஸ்பெக்டருக்கு மீன் ஏரியிலிருந்து வருகிறது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அக்கா, கணவர், பத்து வயது மகள் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். பயணியாக உட்கார்ந்தாலும் கணவருக்குக் கால் சும்மா இருக்காது. வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில் இவர் பிரேக் போட்டுக்கொண்டே வருவார். ஏரிக்கரையில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தூண்டில் கம்பு, மாற்று முள் இரண்டு, ஆக ஐந்து முள். ஈயக்குண்டு கிடையாது, ஈயம் தண்ணீருக்கு விஷம் என்று அக்கா தடை போட்டுவிட்டாள், அதற்குப் பதில் சின்ன இரும்பு நட்டு. கையளவு கெண்டை ஏழெட்டு கிடைத்தால் போதும், சின்னதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் வேகவைத்து மீன் முள்ளை நீக்கி, இன்ஸ்பெக்டருக்குப் பங்கு போக மீதிதான் மற்றவர்களுக்கு.

ஏரியைவிட்டுக் கிளம்பும்போது தகரடப்பாவைத் திறந்து ஐந்து தூண்டில் முள்ளையும் எண்ணுவாள். மீன் வாசம் ஏறிய தூண்டில் நரம்பைப் பூனை விழுங்கினால் குடல் சுருட்டிக்கொள்ளும்; முள்ளோடு போனால் கதை முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் ஏரிக்குப் போக ஆரம்பித்த புதிதில், கரையோரம் ஒரு நீர்க்கோழி பறக்க முடியாமல் படபடத்துக்கொண்டிருந்தது. யாரோ அறுத்துவிட்டுப் போன நரம்பு காலில் சுற்றியிருந்தது. அரை மணி நேரம் போராடி அவிழ்த்தாள். நரம்பு அறுத்ததில் ஒரு விரல் ஏற்கெனவே போயிருந்தது. பத்து விரலை எண்ணிப் பழகியவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதனால்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவர் வேரில் சிக்கிய நரம்பை வெடுக்கென்று அறுத்துவிட்டபோது அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். கரையில் இருந்த அத்தனை பேரும் தூண்டிலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மனிதர் சட்டையைக் கழற்றி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துக் கொடுத்தார். அத்தோடு விட்டாளா? மூன்று மாசம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். கடைசியில் அவருடைய கண்டக்டரே, "என்னண்ணே, குளியல் எப்படி?" என்று கேட்கும்படி ஆனது.

இப்போது நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று அக்காவும் மகளும் கரையில் கிடந்த குப்பையைப் பையில் பொறுக்கிக்கொண்டே தூரம் போய்விட்டார்கள். திரும்பி வந்தால், கணவர் கம்புகளைக் கட்டி, டப்பாவை மூடித் தயாராக நிற்கிறார்.

"பஸ் வந்துரும், வா வா. முள்ளெல்லாம் எண்ணிட்டேன். அஞ்சும் இருக்கு."

தானாக முன்வந்து ஒரு வேலையும் செய்யாத மனுஷன் எண்ணிவிட்டேன் என்கிறாரே, அங்கேயே அவளுக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை. இரண்டு கையிலும் பை, வளைவில் பஸ் ஹாரன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக டப்பாவைத் திறக்காமலே ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அக்கா மீனைச் சுரண்டி அடுப்பில் வைத்தாள். கணவர் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். மூன்று மணி வாக்கில் மகள் அடுக்களைக்கு ஓடிவந்தாள்.

"அம்மா, இன்ஸ்பெக்டர் வாயை வாயைப் பிறாண்டுது. எச்சி ஒழுகுதும்மா. மீனைத் தொடவே மாட்டேங்குது."

அக்கா டப்பாவைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். மறுபடி எண்ணினாள். நாலுதான். ஐந்தும் இருந்தது என்று அவர் எண்ணிச் சொன்னாரே; அப்படியானால் ஐந்தாவது இந்த வீட்டுக்குள் வந்த பிறகுதான் காணாமல் போயிருக்கிறது. வந்ததும் மூடியைத் திறந்து வைத்தது யார், தானா, மகளா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கணவருக்குப் போன் அடித்தாள். ஒன்பது தடவை அடித்தாள். பஸ் ஓட்டும்போது போனை டிப்போ அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, இருந்தும் அடித்தாள்.

அழுக்குத்துணிக் கூடையில் இன்ஸ்பெக்டரை வைத்துத் துண்டால் மூடிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த கால்நடை மருத்துவரிடம் அம்மாவும் பெண்ணும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மீன் செதில்.

"அவ்வளவுதாம்மா. இனி சாப்பிடும்."

"இல்ல டாக்டர். நான் எண்ணிட்டேன். ஒரு முள் குறையுது. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

"செதில்தாங்க காரணம்."

"நீங்க எடுங்க டாக்டர். இல்லன்னா நான் இங்கயே உக்காந்திருப்பேன்."

எடுத்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அக்கா செதிலை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள், முள்ளை நினைத்து வேண்டாததையெல்லாம் நினைத்தாள். தொட்டிக்குள் கிடந்த கைப்பிடிக் குட்டி கண்ணுக்குள்ளேயே நின்றது. மகள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வயித்துல இரும்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்லம்மா" என்றபோது, இத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை ஒரே மூச்சில் வந்தது.

சரி, வயிற்றில் இல்லை. அப்படியானால் வீட்டில் எங்கே? இன்றைக்கு விழுங்கவில்லை, நாளைக்கு விழுங்கினால்? இன்ஸ்பெக்டரைக் கூடையோடு அடுத்த வீட்டு டீச்சரிடம் ஒப்படைத்தாள். அச்சகத்தில் சிந்திய பின்களைப் பொறுக்கும் காந்தம் ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் கூடத்தில் ஆரம்பித்தார்கள். கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. பாய், தலையணை, செருப்பு, பள்ளிப் பை, சீவல் தட்டு, ஒன்றையும் விடவில்லை. இரண்டு ஊசி, ஒரு கொண்டை ஊசி, பழைய சாவி ஒன்று, போன வருஷம் காணாமல் போன நகவெட்டி எல்லாம் கிடைத்தன. தூண்டில் முள் மட்டும் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்குக் கணவர் வந்தார். நிமிர்ந்து நிற்கும் கட்டிலையும், அலமாரிக்கு அடியில் தலையை விட்டிருக்கும் மகளையும், கையில் காந்தத்தோடு வியர்த்து வழியும் மனைவியையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"என்ன ஆச்சு? திருடன் வந்தானா?"

அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். செதில், எக்ஸ்ரே, காந்தம். அவர் முகம் சொல்லச் சொல்லச் சுருங்கிக்கொண்டே போனது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"தேடாதம்மா. வீட்டுல இல்ல."

"பின்ன?"

"ஏரியில இருக்கு. முங்கிக் கெடக்குற மரத்துல சிக்கிருச்சு. அறுத்துட்டேன்."

அலமாரிக்கு அடியிலிருந்து மகளின் தலை மெதுவாக வெளியே வந்தது.

"அஞ்சு இருக்குன்னீங்களே."

"சொன்னேன். நீ திட்டுவேன்னுதான். பூனைக்கு இப்படி ஆகும்னு நான் கண்டேனா? அடுத்த ஞாயித்துக்கிழமை உனக்குத் தெரியாம எறங்கி எடுத்துரலாம்னு இருந்தேன்."

கத்துவதற்கு அக்கா வாயைத் திறந்தாள். சொற்கள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வரவில்லை. தினமும் முந்நூறு பேரை ஏற்றி இறக்கும் மனுஷன், தன் வீட்டுக் கூடத்தில், பிரம்படிக்குக் காத்திருக்கும் பள்ளிப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஏரிக்கரையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த ஓட்டமே இல்லை. அந்த ஒரு வார்த்தையை வெளியே வரவிடாமல் செய்தது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. காந்தத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் உட்கார்ந்த தரையிலேயே அவளும் உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "போன வருஷம் மெஷின் ரிப்பேர் ஆச்சுல்ல, அப்ப நான் கடையில பூனை மண்ணு வாங்கினேன். பிளாஸ்டிக் பையிலதான். மேல தாளைப் போட்டு மூடிட்டேன்."

அப்பாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியும்மா" என்றாள் மகள்.

"என்னது?"

"இன்ஸ்பெக்டர் கால்ல ஒட்டிக்கிட்டுப் படுக்கையெல்லாம் மண்ணு. அப்பாதான் நீங்க வர்றதுக்குள்ள தினமும் தட்டிவிடுவாரு."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவாங்க, விட்டுருன்னு அப்பா சொன்னாரு."

இவர் ஒரு தடவை நரம்பை அறுத்ததை அவள் மூன்று மாசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவள் செய்ததைப் பத்து நாள் கையால் தட்டிவிட்டுக்கொண்டு இவர் வாயே திறக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட வாங்க. மீன் ஆறிப்போச்சு" என்றாள். டீச்சர் வீட்டிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் தன் பங்கை ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டு, அவர் பங்கையும் விசாரிக்கப் போனது.

அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனதும் கணவர் சட்டையைக் கழற்றினார். அவர் தண்ணீரில் கால் வைப்பதற்குள் பக்கத்தில் சளக்கென்று சத்தம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவும் இறங்கிவிட்டாள்.

"நீ எதுக்கும்மா? குளிரும்."

"நீங்க கிளையைப் பிடிச்சுக்குங்க, நான் அவுக்கிறேன். இழுத்தா அந்து போயிரும்."

கரையில் இருந்தவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, நரம்பைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, முள்ளோடு முழுசாக எடுத்தாள். அவர் கையில் கொடுத்தாள்.

கிளம்பும் நேரம் வந்ததும் டப்பாவையும் அவரிடமே நீட்டினாள். "நீங்களே எண்ணுங்க."

அவர் வாய்விட்டு எண்ணினார். "அஞ்சு."

"சரி, மூடுங்க" என்றாள். மூடியைத் திறந்து பார்க்க அவள் கை குறுகுறுத்தது. அந்தக் கையால் மீன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.