பட்டறைக்கு ஒரு ஸ்டோர் கிராணி

ஆயர் குரோவில் எங்கள் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட ஒரு சின்ன இடம் உண்டு. எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீடுகளுக்கும் அப்படித்தான். நாங்கள் அதற்குத் தகரக் கூரை போட்டிருந்தோம். வாஷிங் மெஷின் போக மிச்சம் இருந்தது எட்டடிக்கு ஆறடி. அதுதான் என் பட்டறை. மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. வெயில் அடித்தால் மெராந்திப் பலகையின் வாசனை சமையலறை வரைக்கும் வரும். இப்போது அங்கே மறுபடியும் துணிதான் காய்கிறது. சில நாள் துணி எடுக்கப் போகும்போது, ஏதோ ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததுபோல ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

வீட்டில் மரவேலை நடக்கிறது என்று சொன்னால் வருகிறவர்கள் என் கணவரைத்தான் பார்ப்பார்கள். அவர் தாடையால் என்னைக் காட்டுவார். அவருக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது.

கோவிட் வந்து எல்லாரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்ன மாதங்களில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நான் அப்போது ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. ஆபீஸ் மூடிக்கிடந்தது. சமையலறை அலமாரியின் கதவு கழன்று விழுந்தது. பழுது பார்க்க ஆள் வரமுடியாது. போனில் வீடியோ பார்த்து நானே மாட்டினேன். கதவு சரியாக மூடிய அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு முக்காலி செய்தேன். அப்புறம் மசாலா டின்கள் வைக்க ஒரு தட்டு. கடைகள் திறந்ததும் ஒரு மின்ரம்பம் வாங்கினேன். நியாலாஸில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு சாமி மேடை செய்து கொடுத்தபோது, அவள் அதை ரெடிமேட் என்று நினைத்து எந்தக் கடை என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

எனக்குச் செய்யத் தெரியுமே தவிர எடுத்து வைக்கத் தெரியாது. உளியை வாஷிங் மெஷின் மேல் வைப்பேன். ஸ்குருக்கள் சோப்புத்தூள் டப்பாவில் கிடக்கும். பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொண்டு வீடெல்லாம் பென்சில் தேடுவேன். மணல் தாள், பசை, அளவு நாடா எல்லாம் ஒரே குவியல். ஒரு மணி நேர வேலையில் பாதி நேரம் தேடுவதிலேயே போகும்.

என் கணவர் முப்பது வருஷம் ஒரு பேக்டரியில் சாமான் கணக்கு வைக்கும் ஸ்டோர் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். துணி காயப்போட அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் குவியலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் நான் பாசாருக்குப் போய்விட்டு வந்தேன். பட்டறையில் இருந்த அத்தனையும் பின் சந்தில் பழைய பாயின் மேல் வரிசையாகக் கிடந்தது. நடுவில் இவர் குந்திக்கொண்டு ஸ்குருக்களை நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். ஒவ்வொரு சாமானையும் அதில் வைத்துச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டார். சுத்தியல் இல்லாவிட்டால் சுத்தியலின் உருவம் மட்டும் சுவரில் தெரியும். காலியான சம்பல் பாட்டில்களின் மூடிகளைச் சுவர்த் தட்டின் அடியில் திருகி, அதில் பாட்டில்களைத் தலைக்குமேல் மாட்டிவிட்டார். எந்தப் பாட்டிலில் எந்த ஸ்குரு என்று கீழே நின்றே தெரியும். வெட்டி மிச்சமான துண்டுகளுக்கு ஒரு மூலை. இது எல்லாவற்றுக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் என்ன சாமான், எத்தனை, எங்கே என்று அவருடைய நெருக்கமான எழுத்தில்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சமையலறைக் கதவில் வந்து நிற்பார். "பத்து நிமிஷம்" என்பார். அவ்வளவுதான். நான் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சாமான்களைத் துடைத்துக் கொடுப்பேன். அவர் மாட்டுவார். தூளை நான் கூட்டுவேன், அவர் அள்ளுவார். அதற்குள் அடுப்பில் அவர் போட்டுவிட்டு வந்த தேத்தண்ணி கொதித்திருக்கும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரே வேலையை ஒன்றாகச் செய்தது அப்போதுதான். அவர் ஷிப்டுக்குப் போவார், நான் ஆபீசுக்குப் போவேன், நடுவில் பிள்ளையைத் தூக்கிக் கை மாற்றிக்கொள்வோம், அப்படியே காலம் போயிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். அவளும் மருமகனும் மஸ்ஜித் தானா என்ற ஊரில் வீடு வாங்கினார்கள். புது வீட்டுக்குச் சாமி மேடை அம்மாதான் செய்துதர வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். தங்கைக்குச் செய்தபோது நான் மெல்லிய பழப்பெட்டிப் பலகைகளில் மாதிரி வெட்டி வைத்திருந்தேன். ஏழு துண்டுகள். மேலே வரும் வளைவு, பக்கங்களில் வரும் தூண், கீழே வரும் படி எல்லாம் அதில் இருந்தன. அந்த வளைவு மட்டும் நாலு தடவை கெட்டுப்போய் ஐந்தாவதில் சரியாக வந்தது. பலகையெல்லாம் என் பென்சில் குறிகள். அந்த ஏழும் இருப்பதால் மகளின் மேடையை இரண்டே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நான் தைரியமாக இருந்தேன்.

குடிபோக மூன்று வாரம் இருக்கும்போது ஹரி ராயா, நோன்புப் பெருநாள், வந்தது. ராயாவுக்கு முதல் நாள் எங்கள் எதிர் வீட்டு மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவர், வாசலில் லெமாங் சுடுவார். மூங்கிலுக்குள் வாழையிலை வைத்து, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, நெருப்பைச் சுற்றி நிறுத்தி வைத்து மணிக்கணக்காகச் சுடுவது. அன்றைக்கு மத்தியானம் நான் மாதிரிப் பலகைகளை எடுக்கலாம் என்று போனேன். மூலை சுத்தமாக இருந்தது. கூட்டித் துடைத்த தரை.

என் கணவரைக் கேட்டேன். பாக்சிக்குக்கு விறகு குறைந்துவிட்டதாம். மூலையில் கிடந்த துண்டுகளை இரண்டு சாக்கில் கட்டிக் கொடுத்தாராம்.

"அந்தப் பழப்பெட்டிப் பலகை?"

"அதுவா? மெல்லிசு லா. நல்லா பத்திக்கும்னு அதைத்தான் மேல வச்சுக் கொடுத்தேன்."

நான் வாசலுக்கு ஓடினேன். எதிர் வீட்டில் புகை. மூங்கில்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. நெருப்பின் ஓரத்தில் என் வளைவின் ஒரு முனை மட்டும் கருகாமல் தெரிந்தது. பாக்சிக்கின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக் கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அப்போது நான் வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை தட்டில் லெமாங் வந்தது. மாடு நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று எங்களுக்காகத் தனியாகச் செய்த கோழி ரெண்டாங் கறியும் வந்தது. சாப்பிட்டேன். நல்ல ருசி. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முதல் நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன்.

"இது உங்க பேக்டரி ஸ்டோர் இல்ல. இனிமே என் சாமானத் தொட வேணாம்."

அவர் எழுந்தார். நோட்டை எடுத்து வந்து வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் யாரும் கதவில் வந்து நிற்கவில்லை.

நாலு நாள் நான் தனியாக வேலை செய்தேன். வளைவை ஞாபகத்திலிருந்து வரைந்தேன். மூன்று பலகை கெட்டது. சுவரில் சாமான்களின் உருவங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. சாமானெல்லாம் தரையில், என் காலடியில். நாலாவது நாள் அரை இஞ்ச் உளியைத் தேடித் தேடிக் கிடைக்காமல், நானே செய்த முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது கண்ணில் பட்டது அந்த மூலை. கழிவுத் துண்டு போடும் மூலை என்று அவர் ஒதுக்கிக் கொடுத்த இடம். ஏழு பலகைகளை அதில் கொண்டுபோய்ச் சாத்தியது யார்? நான்தான். வேறு இடம் யோசிக்கச் சோம்பல் பட்டு, இன்றைக்கு இங்கே இருக்கட்டும் என்று போட்டேன்.

ஹாலுக்குப் போனேன். அவர் டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலையில போட்டது நான்தான்" என்றேன்.

அவர் நோட்டைப் பார்க்கச் சொன்னார். எடுத்து வந்து புரட்டினேன். அதில் எழுதியிருந்தது: பழப்பெட்டிப் பலகை, ஏழு துண்டு, உபயோகம் தெரியவில்லை.

"தெரியலன்னா என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. ரம்பம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வேணுமான்னு கேட்டேன், நீ தலைய ஆட்டின. வேணாம்னு நினைச்சேன்."

எனக்கு அப்படி ஒன்று ஞாபகமே இல்லை. ஆனால் அது நடந்திருக்கும் என்று தெரியும். மிஷின் ஓடும்போது யார் என்ன கேட்டாலும் நான் தலையை ஆட்டுவேன். ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

அவர் டிவியை அணைத்தார். "நியாலாஸ்ல ஒண்ணு இருக்கு இல்ல? அதைப் பார்த்து எடுக்கலாமே" என்றார்.

மறுநாளே காரில் கிளம்பினோம். போகும் அவசரத்தில் கிழமையை இரண்டு பேருமே பார்க்கவில்லை. தங்கை வாசலில் வரவேற்றாள், காரியத்தைக் கேட்டாள், வெள்ளிக்கிழமை அதுவுமாகச் சாமியை இறக்கச் சொல்கிறாயா அக்கா என்று முகம் சுளித்தாள். அவள் சொன்னதும் சரிதான். அன்று அங்கேயே தங்கினோம். சனிக்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு வந்து, தரையில் மஞ்சள் துணி விரித்து, படங்களையும் விளக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவள் எடுப்பதற்கு முன்னால் என் கணவர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். வாங்கிய ஒவ்வொன்றையும் மேடையில் இருந்த அதே வரிசையில் துணியில் வைத்தார். குங்குமச் சிமிழ்கூட இடம் மாறவில்லை. "மாமா கோயில்ல வேலை செய்யலாம்" என்று தங்கை சொன்னாள். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடங்களில் சுவரில் ஒட்டும் பெரிய வெள்ளைத் தாளை, மாஜோங் தாள் என்போமே, அதைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தோம். அவர் தாளை மேடையோடு அழுத்திப் பிடித்தார். நான் பென்சிலால் ஓரம் பார்த்து வரைந்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் தாள் வழுக்கியது. அவர் அழுத்திய கையை எடுக்காமல் நின்றார். வளைவை வரைந்து தாளை இரண்டாக மடித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஐந்து தடவை வெட்டி நான் பெருமைப்பட்ட அந்த வளைவு ஒரு விரல் அகலம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. தங்கை இத்தனை நாள் அதைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மூன்று பேரும் சிரித்தோம். அவளுடையதை மாற்றித் தருகிறேன் என்றேன். சாமிக்குப் பழகிவிட்டது, விடு என்றாள்.

திரும்பி வந்த பிறகு இருந்தது இரண்டு வாரம். முதல் நாள் காலையில் அவர் தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி மாட்டி முடித்தபோது, அரை இஞ்ச் உளி வாஷிங் மெஷினுக்கு அடியிலிருந்து கிடைத்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. எந்தத் துண்டை எடுத்தாலும் அவர் அதை என் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார். நான் மிஷினை நிறுத்திவிட வேண்டும். "சாமானா, குப்பையா?" என்று கேட்பார். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், தலையை ஆட்டக் கூடாது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக, அவர் கேட்க மாட்டாரா என்று இருந்தது. கேட்டுவிட்டு உடனே போகமாட்டார். இந்த வளைவு எப்படி உட்காரும், இந்த ஓட்டை எதற்கு என்று கொஞ்ச நேரம் நின்று பேசுவார். நானும் அவரிடம் பேக்டரி ஸ்டோர் எப்படி இருந்தது என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மேடை எங்கள் காரில் ஏறவில்லை. பாக்சிக்தான் தன் வேனில் மஸ்ஜித் தானா வரைக்கும் கொண்டுவந்து இறக்கிக் கொடுத்தார். வழியெல்லாம் வளைவைப் பாராட்டிக்கொண்டே வந்தார். லெமாங் கதையை நாங்கள் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. மகள் மேடையின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் கணவர் அவள் பின்னாலேயே போய், பழைய பனியனால் அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி மூன்று வருஷம் போனது. பிறகு அவருக்கு இருமல் வந்தது. முதலில் மழைக்கால இருமல் என்றார். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மரத்தூள் இருக்கும் இடத்தில் இவர் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அவர் எனக்காகப் பேசிக்கொண்டே வந்தார். நீ செய், நான் உள்ளே வராமல் இருக்கிறேன், கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்றார். அவர் இல்லாத பட்டறையை நான் நாலு நாள் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வேண்டாம் என்றேன். அதிகம் வருத்தப்பட்டது அவர்தான். ரம்பத்தையும் மற்ற சாமான்களையும் என் பழைய ஆபீஸ் சிநேகிதிக்குக் கொடுத்தேன். அவளும் என்னைப்போல அலமாரிக் கதவில்தான் ஆரம்பித்திருந்தாள்.

இப்போது காலையில் ஆயர் குரோ ஏரிப்பக்கம் நடக்கப் போகிறோம். அவருக்கு மூச்சு நன்றாகவே இருக்கிறது. மரங்கள் அடர்ந்த பாதை. முதல் நாள் காற்றடித்திருந்தால் கிளைகள் முறிந்து கிடக்கும். நான் குனிந்து ஒன்றை எடுத்து, முறிந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாகப் போடுவேன். அதுவரைக்கும் அவர் இரண்டடி தள்ளி நின்று காத்திருப்பார்.