இரண்டாம் முறை வந்த பெயர்கள்

சென்ற வாரம் தீவுத் தலைநகரில் லம்பா லைன் பக்கம் ஓர் அலுவலகத்தில் முகவரி மாற்றப் போயிருந்தேன். ‘இந்தப் பதிவு ஏற்கெனவே உள்ளது’ என்று கணினி என்னை ஏற்க மறுத்தது. கோபம் வரவில்லை, எங்கிருந்தோ கட்சால் தீவின் புளித்த ரப்பர் பால் வாடைதான் வந்தது. அந்த இயந்திரத்தின் வேலையை ஒரு காலத்தில் நானே சிவப்பு மையால் செய்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் ரப்பர் வேலைக்காகக் கப்பலில் அந்தத் தீவுக்கு வந்திறங்கின. பதிவேட்டில் அவர்களை ஏற்றுவது என் பணி. பட்டம் வாங்கிய கையோடு, சமூகத்துக்கு ஏதோ செய்கிறேன் என்ற பெருமிதம் வேறு. கப்பலேறுமுன் மெயின்லேண்ட் முகாமில் எழுதிய பட்டியலை முதலில் ஏற்றினேன். அடுத்து, கப்பலில் எழுதிய பட்டியல் வந்தது. பெரும்பாலும் அதே குடும்பங்கள். ஒரு குடும்பம் இருமுறை ஏறினால் இரண்டு வீடு போகும், வேறொரு குடும்பம் வெளியில் நிற்கும். தீவிலேயே பிறந்து வளர்ந்து, இந்தி கலந்து பேசும் தலைமை எழுத்தரிடம் வழி கேட்டேன்.

“இதுல என்ன சோச்னா பாபு? குடும்பத் தலைவர் பேரு முன்னாடியே இருந்தா சீதா, நேரா கோடு போட்டுட்டு ஆகே போ.”

எத்தனை எளிய விதி! ஒரே பிற்பகலில் பட்டியல் சிவந்துவிட்டது.

பால்மாவு வழங்கிய நாளில் கருப்பாயி பச்சைக் குழந்தையோடு என் மேசைமுன் நின்றாள். தாய்ப்பால் சுரக்கவில்லை, பதிவேட்டில் இல்லாத குழந்தைக்கோ பால்மாவு கிடையாது.

“எங்க பேரு ரெண்டு வாட்டி இருந்தா ஒண்ண அடிங்க தொரை. இவ ஒரு வாட்டிதானே இருந்தா?”

“படிச்ச தொரை புள்ளயயே அழிச்சுப்புட்டாரு!” என்று வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

என் சிவப்புக் கோட்டுக்கடியில் ‘பெண் குழந்தை, கப்பலில் பிறப்பு’ என்று தெளிவாகவே இருந்தது. முகாம் பட்டியலில் அவள் எப்படி இருந்திருப்பாள்? பழைய வரியிலேயே அவளைச் சேர்த்து, பால்மாவு டின்னை நீட்டினேன். கருப்பாயி உடனே வாங்கவில்லை.

“மை காயட்டும் தொரை. நிக்கிறேன்.”

அன்றே, அடித்த வரிகளையெல்லாம் மறுபடி படித்தேன். முகாமில் இருந்த ஒரு கிழவர் கப்பலில் இல்லை. தனியாளாக இருந்தவளுக்குக் கணவன் வந்திருந்தான். இரண்டாம் முறை வரும் பெயர் புதுச் சேதி கொண்டுவரலாம் என்பது, பட்டதாரியான எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

கரையோர அலுவலகத்தில் கிடந்த அந்தப் பதிவேடு, சுனாமியில் போயிற்று. கருப்பாயியும் போனாள். வண்டூரில் வாக்கப்பட்ட அந்த மகள் மட்டும் இருக்கிறாள். கப்பலில் பிறந்தவள் என்று காட்ட அவளிடம் இன்று ஒரு தாளும் இல்லை.