ஜீப்புக்கு ஸ்நார்கெல் வைத்த வருஷம்

முன் மட்கார்டில் ஓட்டை போட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் என் வீட்டுக்காரரின் முகம் சுண்டிப்போனது. ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போய்த் தன் கையில் பெரிய பெரிய ஊசிகளை ஏற்றிக்கொள்கிற மனுஷர். அதற்கு ஒரு முனகல்கூடக் கிடையாது. ஜீப்பின் தகரத்துக்கு மட்டும் கெஞ்சினார்.

"ஏனுங்க, வெட்டாம மாட்ட முடியாதுங்களா?"

"முடியாதுங்கண்ணா. இன்ஜின் காத்து இழுக்கற வாய் இப்ப பானட்டுக்குள்ள இருக்குதுங்க. அத வெளிய எடுத்து, கண்ணாடி ஓரமா மேல ஏத்தி, கூரை ஒசரத்துக்குக் கொண்டுபோகோணும். அப்பத்தான் தண்ணி பானட்டு வரைக்கும் வந்தாலும் வண்டி நிக்காது."

அந்தக் கறுப்புக் குழாய்க்குப் பெயர் ஸ்நார்கெல். பெயரைக்கூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உக்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட்டில், கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரியோடு அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து நேராக அங்கே வந்திருந்தோம். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

எங்கள் தோட்டம் நகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தார் ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். ஓடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வருஷத்தில் பெரும்பாலும் அதில் மணலும் முள்ளும்தான் கிடக்கும். மலையில் மழை பிடித்துவிட்டால் செம்மண் தண்ணீர் தரைப்பாலத்தின் மேலேறிப் போகும். பாலத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லாத வேட்பாளர் கிடையாது. ஜெயித்தவர்களும் சொன்னார்கள், தோற்றவர்களும் சொன்னார்கள்.

குழாய் வைப்பதற்கு முந்தின ஐப்பசியில் அப்படித்தான் தண்ணீர் வந்தது. டயாலிசிஸ் நாள். அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு ஜீப்பை ஓட்டுவது நான்தான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதனால் போய்விடலாம் என்றார். தைரியமாகத்தான் இறக்கினேன். நடுப்பாலத்தில் இன்ஜின் ஒரு முறை இருமியது, அதோடு நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டரில் சங்கிலி கட்டி எங்களைப் பின்னால் இழுத்துப் போட்டார். தண்ணீர் வடிகிறவரை அந்தப் பக்கம் போக வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர் பிழைத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வண்டி தண்ணீர் குடித்து இன்ஜினே போய்விட்டது என்று பிறகு தெரிந்தது, வேறு இன்ஜின் போட வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துக் குடியிருந்தால் என்ன என்று கேட்காத ஆளில்லை. இருந்து பார்த்தோம். மாடியில் ஒரு வீடு. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டினாங்களா என்று போனில் கேட்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மறு வாரமே திரும்பிவிட்டோம். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. ஒரு மனுஷன் உயிர் பிழைக்க இதைக்கூடவா செய்யமாட்டான்?

வேறு வழியும் இருக்கவில்லை. என் கிட்னியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவருடைய இருதயம் ஆபரேஷனைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் மிஷினில் ஓடுகிறவரை ஓடட்டும் என்பதுதான் மிச்சம். ஆகவே அவர் தன் நம்பிக்கையை எல்லாம் கொண்டுபோய் அந்தக் குழாயில் வைத்தார். பள்ளத்தைத் தாண்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

துளை போட்டு, குழாயை மாட்டி, இணைப்பெல்லாம் பசை தடவி முடித்த பிறகு மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

"அண்ணா, நீங்களே வந்து மேல அந்த வாயை உள்ளங்கையால மூடிப் பாருங்க."

அவர் எழுந்து போய், கையை உயர்த்தி மூடினார். இன்ஜின் திணறியது, நடுங்கியது, நின்றது.

"நின்னுபோச்சுன்னா சரிங்க. வேற எங்கயும் ஓட்டை இல்லீன்னு அர்த்தம். ஆனா ஒண்ணுங்க, காத்துக்குத்தான் இது வழி. இழுத்துட்டுப் போற தண்ணிக்கு இது ஒண்ணும் பண்ணாதுங்க."

முதல் பாதியை மட்டும்தான் அவர் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு அரிவாள், மோட்டார், தராசு எதுவும் தப்பாது, எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும் உண்டு. புதிதாக வந்த உறுப்புக்குக் கூடுதல் மரியாதை செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். ஜீப்பைக் கழுவி, குழாய்க்குச் சந்தனம் தடவி, அதன் வாயில் இருந்த கம்பி இடுக்குகளில் எல்லாம் செவ்வந்தியைச் செருகிவிட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நான் வண்டியை எடுத்தேன். பழம் நசுங்கியது, வண்டி பத்தடி போய் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் இருமுகிறது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாக ஒரு கூடைப் பூ.

"சாமி கும்புட்டே வண்டியக் கொன்னு போட்டீங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, நான் அவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

பிறகு மழைக்குக் காத்திருந்தார். தினமும் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு பள்ளம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். மலைப்பக்கம் கறுத்தால் ஜீப்பைச் சுற்றி வந்து குழாயை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். குடிக்கிற தண்ணீருக்கே அளவு வைத்திருந்த மனுஷர், ஊருக்கே தண்ணீர் வரட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மாரியாத்தா முன்னால் நின்று, இந்த வருஷம் வேண்டாம் தாயே என்றேன். விவசாயி வீட்டுப் பெண் வேண்டக்கூடிய வேண்டுதலா அது? மெக்கானிக் சொன்ன இரண்டாம் பாதியை நான் மறக்கவில்லை.

ஐப்பசி காய்ந்தது. கார்த்திகையில் தூறல் விழுந்து மண் மணத்ததோடு சரி. கிணற்றில் தண்ணீர் கீழே போனது, தென்னை மட்டை தொங்கியது. ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. ஆனாலும் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கட்டினார். நேரம் தவறாமல் கொண்டுபோனால் போதும் என்று நானும் எங்கேயோ நம்பியிருக்கிறேன் போல. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மாசியில் ஒரு காலை, வழக்கம்போலக் கிளம்பினோம். ஜீப்பில் ஏறவே வெகுநேரம் பிடித்தது. தரைப்பாலத்தில் ஆடுகள் படுத்திருந்தன. ஹாரன் அடித்தேன், சாவகாசமாக எழுந்து வழிவிட்டன. இரண்டு பக்கமும் வெறும் மணல், வெயிலில் கண் கூசியது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஒருக்கா வந்திருந்தா ஓட்டிப் பாத்திருக்கலாம் அம்மணி."

"வரட்டுமுங்க. வந்தா ஓட்டுவோம்" என்றேன்.

அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி. ரோடு காலியாக இருந்தது. சிக்னல்கூட எங்கேயும் நிறுத்தவில்லை. அவரை மிஷினில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஓடினார்கள், திரை போட்டார்கள். வெளியே வந்த டாக்டரம்மா சின்ன வயசு. "வர்றதுக்கு லேட் ஆயிருச்சுங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நேரத்துக்கே வந்துட்டோமுங்க" என்றேன்.

இழவுக்குக் கேதம் கேட்க வந்தவர்களுக்கு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜீப்பை ஓரமாக வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். ஆண்கள் எங்கே உட்கார்ந்தாலும் கண் வண்டிமேல்தான் போகும். நாற்காலியை இழுத்துப் போட்டு, என்ன பேசுவதென்று தெரியாதபோது, அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். சைலன்சரை ஏன் மேலே தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர். டிராக்டருக்கு இருப்பதுபோலவா என்று இன்னொருவர். எல்லோருக்கும் நானே பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது.

காரியம் முடிந்த அன்று, அவருடைய பெரியப்பா மகன் ஈரோட்டிலிருந்து தாமதமாக வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவரும் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார்.

"அது எதுக்குங்க அம்மணி, அந்தக் கறுப்புக் கொழாய்?"

"பள்ளத்துல தண்ணி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயரலாமுன்னு வெச்சாருங்க."

"தண்ணி வந்துதுங்களா?"

"இல்லீங்க. வரவேயில்லீங்க."