குதிகாலில் தங்கிய கறுப்பு

காபி அறுவடை முடியும்போது எங்கள் எஸ்டேட்டில் எல்லோர் பாதமும் கறுத்திருக்கும். தோல் நீக்கிய கொட்டைகளைத் தொட்டியில் ஊறவைத்து, வழவழப்புப் போகக் காலால் மிதித்துக் கழுவுவோம். பங்குனிக்குள் கறை தானாகப் போய்விடும். அந்த வருஷம் என் இடது குதிகாலில் ஒரு பொட்டு மட்டும் போகவில்லை.

புளி வைத்துத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். பிறகு குளிக்கிற கல்லில் உரசினேன். கறையோடு எனக்கு அப்படி ஒரு வீம்பு.

"ஏம்புள்ள, கல்லுதான் தேயுது, கறை தேயலையே" என்று சிரிப்பார் என் கணவர் சேவியர். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். கேலி பேசாமல் அவருக்குப் பொழுது போகாது. பொட்டு அகன்று, ஓரம் சிவந்து வீங்கி, ஒருநாள் தரையில் ரத்தம் ஒட்டியது. அன்று அவர் சிரிக்கவில்லை. நேராக மலையிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனார்.

சதைத் துணுக்கைப் பரிசோதித்து மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) என்றார் டாக்டரம்மா. நம்மைப் போன்ற கறுத்த நிறக்காரர்களுக்கு இது உள்ளங்காலில் வருவதுண்டாம்.

"நான் தேச்சதுனால வந்துச்சுங்களா?"

"இல்லம்மா. தேச்சதுல புண்ணாச்சு, அவ்வளவுதான். அது முன்னாடியே வந்துருச்சு."

அழற்சியைப் (சிவந்து, சூடாகி, வீங்குவது) பற்றிப் பொறுமையாகச் சொன்னார். "காயம் பட்டா அந்த எடத்துச் செல்லுக்கு 'பொழச்சுக்கோ, பெருகு'ன்னு சேதி போகும். ஆறுனதும் சேதி நின்னுரும். கெட்டுப்போன செல்லுக்கு 'செத்துப்போ'ன்னு சேதி வரும், அதுவும் செத்துரும். இந்தப் புத்துநோய்ச் செல்லு அதைக் கேக்காது. பொழச்சுக்கோங்கிறத மட்டும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும்."

பயப்பட வேண்டியவள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். செடி கழிக்கும் கவாத்துக் கத்தி பட்ட என் விரல்களை ஆற்றிய அதே சேதியா இதையும் வாழவைக்கிறது?

தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுக்கு (நெறி கட்டும் என்போமே, அந்த இடம்) பரவியிருக்கிறதா என்பதில்தான் இனி என் உயிர் இருந்தது. குதிகால் தோலை வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். முடிச்சிலிருந்தும் துணுக்கு எடுத்தார்கள்.

பரிசோதனை முடிவு வருமுன், கட்டுக்கு வெளியே தெரிந்த காயத்தின் ஓரம் சிவந்தது. அதே பழைய சிவப்பு.

"ஏனுங்க, மறுபடி செவந்துருச்சுங்க. நான் பொழைக்க மாட்டனுங்க" என்று அழுதேன். சேவியர் உடனே ஜீப்பை எடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் என் கால் குலுங்காமல் மெல்லத் திருப்பிச் சேலத்துக்கு ஓட்டினார்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துக் குனிந்து பார்த்தார். "இது நொம்ப நல்ல செவப்பும்மா. காயம் ஆறுது. ஒட்டுன தோலு புடிச்சுக்கிச்சு." பிறகு நிமிர்ந்து, "நெறியிலயும் ஒண்ணுமில்ல" என்றார். சேவியர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் பரிசோதனைகள் தொடர்கின்றன. முன்பு அறுவடைக்கு அறுவடை வருஷம் எண்ணியவள், இப்போது பரிசோதனைக்குப் பரிசோதனை எண்ணுகிறேன்.

இந்த அறுவடைக்கு நான் தொட்டியில் இறங்கவில்லை. கரையில் செருப்போடு நின்றேன். ஞாயிறு கோயில் விட்டு வந்ததும் சேவியர் என் பாதத்தை மடியில் வைத்து உற்றுப் பார்ப்பார். குதிகாலில் வெளுப்பாக, மிருதுவாக, வெயில் படாத தொடைத் தோல். "உன் தொடை நடக்கக் கத்துக்குது புள்ள" என்பார்.

கற்றுக்கொள்ளட்டும். இந்த நிமிஷமும் என் உடம்பில் கணக்கற்ற செல்கள் சொன்ன சொல் கேட்டுச் செத்துக்கொண்டிருக்கின்றன. அவை கேட்பதால் நான் காலூன்றி நிற்கிறேன்.