வெளியில் பூட்டிய கதவு

தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக் கதவில் தொங்கும் பித்தளைப் பூட்டைப் பார்த்தால் எனக்கு அதன் சத்தம்தான் முதலில் ஞாபகம் வரும். டக்கென்று விழும். சரியாக விழுந்ததா என்று மதினி இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். இதையெல்லாம் நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆமாம், ஆளை உள்ளே வைத்து வெளியில் பூட்டுவதுதான். வாரா வாரம் கட்டும் கிழமைக் காசை வாங்க, புதன்கிழமை பின்னேரம் லோன் மாத்தயா மோட்டார் சைக்கிளில் வருவார். கதவில் பூட்டுத் தொங்கினால் ஆள் இல்லையென்று திரும்பிவிடுவார். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இந்த வித்தை தெரியாத பொம்பளை குறைவு. சாவி மதினியின் இடுப்புக்குப் போய்விடும். நான் தும்மல் வந்தால்கூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருட்டில் குந்தியிருப்பேன். என்ன வெட்கங்கெட்ட கெட்டிக்காரத்தனம்! அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

மதினி என் அண்ணன் பெண்சாதி. அதே வரிசையில் அடுத்த காம்பராவில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே மலையில்தான் ரப்பர்ப் பால் வெட்டினோம். கடன் எனக்கு எப்படி வந்தது? மகள் பெரியபிள்ளையானபோது மண்டபம் பிடித்து, படம் பிடித்து, சனம் மெச்ச ஒரு சடங்கு வைத்தேன். அதற்கு ஒரு லோன். அதைக் கட்ட இன்னொன்று. அந்த இரண்டையும் கட்ட மூன்றாவது. மூன்றும் சேர்ந்து எவ்வளவு என்று ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டினால்தானே பயம்! வீட்டுக்காரருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும். என் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகும் மாத்தயா, மேல் லயத்தில் குழுவின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். காசு சரியாகும்வரை ஒருத்தியும் எழும்ப முடியாது. மதினியும் அந்தக் குழுவில் இருந்தார். என் பங்கை யார் கட்டினார்கள் என்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் பால் வாளியோடு முன்னால் நடந்த மதினியின் காதில் தோட்டைக் காணோம். தென்னை ஈர்க்கை உடைத்துச் செருகியிருந்தார். கண்டேன், கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மகள் அப்போது கேகாலையில் ஏ.எல். பரீட்சைக்குப் படித்தாள். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை இருக்கிறது, மூன்று மாதச் சம்பளம் முன்பணம் என்று ஒருவர் வந்து சொன்னார். நான் சரியென்றேன். அவள் அழக்கூட இல்லை. புத்தகங்களை உரப்பையில் போட்டுக் கட்டி மூலையில் வைத்தாள். வியாழக்கிழமை காலை பஸ்.

அதற்கு முதல்நாள் புதன். மதினி வழக்கம்போல என்னை வைத்துப் பூட்டினார், இரண்டு தரம் இழுத்தார். ஆனால் போகும் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"மதினி, போங்க. அவரு வந்துருவாரு" என்றேன் கதவிடுக்கில் வாயை வைத்து. மோட்டார் சைக்கிள் மேட்டில் முக்கி முனகி ஏறி வந்து வாசலில் நின்றது. நான் அரிசி வாளிக்குப் பின்னால் ஓடினேன்.

"கோ அக்கா?" எங்கே அவள் என்று மாத்தயா கேட்டார்.

"இன்னவா மாத்தயா. உள்ளுக்குத்தான் இருக்கா" என்றார் மதினி. சாவி திரும்பியது.

அரிசி வாளிக்குப் பின்னால் குந்தியிருந்த என்னை லயமே எட்டிப் பார்த்தது. மாத்தயாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். "அடிப் பாவி, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினேன்.

"கத்து, நல்லாக் கத்து. பொட்டப்புள்ள படிப்ப வித்து வட்டி கட்டப் போறியே, அதுக்கும் நாந்தான் பூட்டுப் போடணுமா?"

வீட்டுக்காரர் வேலைவிட்டு வரும்வரை மதினி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "சொல்லு புள்ள. ஒன்னையும் மறைக்காத" என்றார் மதினி, அவர் வந்து உட்கார்ந்ததும். நான் சொல்லச் சொல்ல, உரப்பையை அவிழ்த்து எடுத்த கொப்பியின் கடைசித் தாளில் மகள் எழுதிக் கூட்டினாள். அந்தத் தொகையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் எழும்பினார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வெளியே போய்த் தண்ணிப் பீலியடியில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "புள்ளய அனுப்பாத" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளில் நானாகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கிழமைக் காசைக் குறைக்கச் சொல்லி மாத்தயாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். மூன்றாவது தரம்தான் சம்மதித்தார். தவணையில் எடுத்த பெரிய டீவியை விற்றுச் சின்னக் கடனை முதலில் முடித்தோம். கடனுக்குச் சாமான் எடுத்த கடைக் கொப்பியை மூடினோம். சம்பள நாளில் திரீவீலில் வந்து இறங்கும் பவுசும் போனது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது மொய்தான். "இந்தத் தடவ முடியலங்க" என்று கல்யாண வீட்டில் முதன்முதலாகச் சொன்னபோது தரையைத்தான் பார்த்தேன். சொன்னேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மதினியோடு மட்டும் மூன்று மாதம் பேசவில்லை. அவ்வளவு கோபம். என்மேல் வரவேண்டிய கோபம் அது.

கடைசி லோன் முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் சென்றது. அதற்குள் மகள் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். என் பங்கைக் கட்ட மதினி தோட்டை வைத்த ஈட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினேன். தோடு எப்போதோ ஏலத்தில் போய்விட்டதாம். வழியெல்லாம் அழுதேன். "போனா போவுது, வுடு" என்றார் மதினி.

நான் விடவில்லை. சம்பளம் எடுத்ததும் செலவுக்கு முன்னால் ஒரு காசுத் தாளைப் பால்மா டின்னில் போடுவேன். போன மாதம் டின் நிறைந்தது. "வாங்க மதினி, டவுனுக்குப் போவோம்" என்றேன். இத்தனை வருஷமும் ஏன் அந்த ஈர்க்கை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே இருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"காது ஓட்ட தூந்துட்டா நீ வாங்கிக் குடுக்குற தோட்ட எங்க புள்ள மாட்டுறது?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினேன். பழைய ஞாபகத்தில் மதினிதான் என் கதவைச் சாத்தினார். பூட்டு டக்கென்று விழுந்தது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அவர் கையால் விழும் அந்தச் சத்தத்தை, அவருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று கேட்டேன்.