லாரிக்குப் பின்னால் நடந்த குதிரை

“இன்னா பாப்பா, குதிரைக்கு டியூசன் எடுக்கப் போறியா? அ, ஆ கத்துக் குடுத்தா லாரியப் பாத்து மெரளாம இருக்குமா அது?” என்று சித்தப்பா கேட்டார். தோளில் இருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்களும் சிரித்தார்கள். நான் அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் எதைச் சொன்னாலும் அது புத்தகத்திலிருந்து வந்தது என்று வீட்டில் ஒரு நினைப்பு உண்டு. பெருமையும் கேலியும் சரிபாதி கலந்த நினைப்பு. அன்றைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: “மல்லிகாவ விக்காத சித்தப்பா. ரோட்டுல நடக்க நான் பழக்குறேன்.”

சித்தப்பாவுக்குக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழில். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை; அதில் இரண்டு குதிரைகள். பெரியது வயதானது, தலைமேல் இடி விழுந்தாலும் புல்லை மென்றபடி நிற்கும். இளையது மல்லிகா. வெள்ளை வெளேரென்று இருக்கும். போட்டோவில் அழகாக விழும் என்பதால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவளைத்தான் கேட்பார்கள். மூக்குக்கு முன்னால் டிரம்ஸ் அடித்தாலும், சரவெடி வெடித்தாலும் மல்லிகா கண்கூடச் சிமிட்டமாட்டாள். ஆனால் ஒரு கண்டெய்னர் லாரி பின்னாலிருந்து வந்து ஏர் பிரேக்கை ‘புஸ்’ என்று விட்டால் போதும், நான்கு காலும் நான்கு பக்கம் போகும்.

அந்த ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்படித்தான் ஆயிற்று. முதுகில் மாப்பிள்ளை. பின்னால் லாரி. மல்லிகா பக்கவாட்டில் எகிறிப் பின்னோக்கியே நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு “அம்மா! அம்மா!” என்று அலற, அவருடைய தலைப்பாகை ஒரு ஷேர் ஆட்டோவின் சக்கரத்துக்குக் கீழே போயிற்று. ஒருவருக்கும் அடியில்லை. ஆனாலும் மறுநாள் காலை சித்தப்பா மல்லிகாவை விற்க ஒரு குதிரைப் புரோக்கரிடம் சொல்லிவிட்டார். “தலப்பா போச்சி, சரி. தல போயிருந்தா? ஒரு வூட்டு புள்ளைய ஏத்திகினு போறோம் பாப்பா. யாரு பதில் சொல்றது?” என்றார். அவர் கேட்டது நியாயம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, குதிரைகளுக்கு ஓய்வு. அந்த ஒரு மாதத்தை எனக்குக் கொடுத்தார். ஆவணி முதல் முகூர்த்தம் ராயபுரத்தில். அதுவரைக்கும் மல்லிகா ரோட்டில் தானே நடந்து போனால் வைத்துக்கொள்வார், இல்லையென்றால் புரோக்கர் வந்து கூட்டிப்போய்விடுவான். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிப்போகலாமே என்றால், இன்ஜின் ஓடும் எதிலும் அவள் கால் வைக்கமாட்டாள்.

முதலில் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கண்பட்டையை அகலமாகக் கட்டினேன். காதில் பஞ்சை வைத்தேன். லாரியைப் பார்க்காவிட்டால் பயம் வராது என்பது கணக்கு. பயம் இரண்டு மடங்காயிற்று. தரை அதிர்வது காலுக்குத் தெரிகிறது, என்ன வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை; பாவம், அவள் வேறு என்ன செய்வாள்? மிரண்டதும் இரக்கப்பட்டு வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவேன். மிரண்டால் வீட்டுக்குப் போகலாம் என்பதை மட்டும் மல்லிகா நன்றாகக் கற்றுக்கொண்டாள். பாதி ஆடி இப்படியே போயிற்று.

ஒரு நாள் கொட்டகையில் உட்கார்ந்து பழைய ஊர்வல வீடியோக்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் பேண்டு முன்னால் போகிறது, மல்லிகா பின்னால் போகிறாள். வெடியும் முன்னால்தான். அவள் வாழ்க்கையில் கேட்ட பெரிய சத்தங்கள் எல்லாம் அவளுக்கு முன்னால் நடந்து போனவை. அவற்றின் முதுகைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். லாரி மட்டும் முதுகுப் பக்கமாக வருகிறது. அப்படியானால் லாரியின் முதுகையும் அவளுக்குக் காட்டிவிட்டால்?

லாரிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடக்கும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் கடலோரச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்த வரிசையால் பரீட்சைக்கே தாமதமாகப் போயிருக்கிறேன், வாயாரத் திட்டியிருக்கிறேன். மறுநாள் விடிந்ததும் கண்பட்டை இல்லாமல், பஞ்சு இல்லாமல், மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு வரிசையின் கடைசி லாரிக்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றேன். மேலே ஒளிரும் பச்சைச் சட்டை போட்டிருந்தேன். அவள் மூக்கை விரித்து மூச்சு விட்டாள். நான் திரும்பவும் இல்லை, முன்னால் இழுக்கவும் இல்லை.

டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஸ்டவ்வில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எழுந்து வந்தார். “ஏ தாயி, என்ன, குதிரைய லோடு ஏத்தணுமா?”

“இல்ல அண்ணாச்சி. இது லாரின்னா பயப்படுது.”

“நானும் இருவது வருசமா பயந்துகிட்டுத்தான் ஓட்டுதேன். அதுக்கு மட்டும் என்னவாம்?”

சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. உப்புமாவை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி ஏறினார். லாரி மெல்ல முன்னால் போயிற்று. மல்லிகா காதுகளை முன்னால் நீட்டினாள். இவ்வளவு பெரிய பூதம் தன்னைப் பார்த்து விலகிப் போகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஓரடி வைத்தாள். இன்னொன்று. லாரி நின்றதும் நின்றாள், நகர்ந்ததும் நடந்தாள். முன்னால் இருந்த லாரியின் கிளீனர் எட்டிப் பார்த்துக் கத்தினான்: “மாமு, இங்க பாரு! குதிர லாரியத் தொரத்திகினு வருது!”

அதன் பிறகு தினமும் காலையில் போனோம். முதலில் கயிற்றைப் பிடித்து நடந்தேன், பிறகு மேலே ஏறிக்கொண்டேன். பின்னால் நடக்கப் பழகியதும் பக்கவாட்டில், அதன் பிறகு எதிரே. அண்ணாச்சி மறுபடி வந்தபோது எங்களுக்காகவே ஏர் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காட்டினார். லாரி டிரைவர்களின் வாட்ஸ்ஆப் குழுவிலும் பேசிப் போட்டுவிட்டார்: “பச்சைச் சட்டை போட்ட பிள்ளை வெள்ளைக் குதிரையில வரும், ஆரன் அடிச்சிராதீங்கப்பா.” குதிரையைவிட என் விரல்களைப் பழக்கத்தான் நாளாயிற்று. ‘புஸ்’ கேட்டதும் அவை தாமாகவே கடிவாள வாரை இறுக்கின. நான் இறுக்கினால், ஏதோ ஆபத்து என்று அவள் நம்பினாள். சத்தம் கேட்கும்போது வாரைத் தளர்த்தி மூச்சை வெளியே விடுவதற்கு நான்தான் டியூசன் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆவணி முகூர்த்த நாள் வந்தது. மாலை வெயிலில் நான் மேலே உட்கார, சித்தப்பா வலது பக்கம், வண்டிகள் போகும் பக்கமாகக் கயிற்றைப் பிடித்து நடந்தார். எனக்கும் சாலைக்கும் நடுவில் அவர். அவர் கழுத்தில் வியர்வை ஓடியதைப் பார்த்தேன். காசிமேடு தாண்டியதும் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி வந்தது. “எறங்கிடு பாப்பா” என்றார். நான் இறங்கவில்லை. வாரைத் தளர்த்தினேன். லாரி எங்களை ஒட்டி வந்து பிரேக்கை விட்டது. மல்லிகாவின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. தலையைத் திருப்பி லாரியை மேலும் கீழும் பார்த்தாள். அது கடந்து போனதும், பழகிய வேலை வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, துறைமுக கேட் பக்கம் திரும்பிய லாரிக்குப் பின்னாலேயே உற்சாகமாக நடையைப் போட்டாள். சித்தப்பா கயிற்றோடு ஓடினார். “அடியே, எங்க போற? கல்யாணம் இந்தப் பக்கம் கீதுடி!”

அவளைத் திருப்பி நிறுத்தினோம். சித்தப்பா அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டார். “நைனா, வெள்ள குதிர விக்கறதுக்கில்ல. ஆமா. கேக்காத.” அவ்வளவுதான். அன்றைக்கு ஊர்வலம் கிளம்பும்போது, எப்போதும் தானே பிடிக்கும் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

இப்போது நான் கண்டெய்னர் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மல்லிகாவை ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நான்தான் ஓட்டிப்போகிறேன். போன வாரம் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் பழுப்புக் குதிரையோடு வந்தார். அதற்கு லாரி பரவாயில்லை, பஸ் என்றால் நடுக்கமாம். சித்தப்பா அவரிடம் யோசிக்காமல் சொன்னார்: “எம் பொண்ணாண்ட வுட்டுட்டுப் போ. அது பாத்துக்கும்.” அண்ணன் மகள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் திருத்தத் தோன்றவில்லை.

நேற்று பேருந்து நிலையத்து டைம்கீப்பரிடம் பேசி அனுமதி வாங்கினேன். “குதிரையா? டிக்கெட்டு யார் எடுக்குறது?” என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இன்று காலை வேலைக்குக் கிளம்புமுன், முதல் பஸ்ஸுக்குப் பின்னால் நானும் அந்தப் பழுப்புக் குதிரையும் தள்ளி நின்றோம். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் மெல்ல நகர்ந்தது. குதிரை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் கயிற்றைத் தளர்த்தினேன். அது கழுத்தை நீட்டி, போகும் பஸ்ஸின் முதுகை முதல்முறையாகப் பார்த்தது.