பரீதா ராத்தா எடுத்த படம்

வியாழக்கிழமை காலை, வளைகுடாவில் எங்கள் அல் குசைஸ் அலுவலகத்தில் டிராயிங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் அசன் அண்ணன் வந்து, "நம்ம பரீதா ராத்தா மௌத்தாயிட்டாங்களாம்மா. லீவுல ஊருக்குப் போன இடத்துல, நெஞ்சுவலி. உசுரு போயிடுச்சு" என்றார். ஏசி குளிருக்காக ராத்தா வைத்திருந்த சால்வை அவர் நாற்காலியில் அப்படியே கிடந்தது.

அவருடைய ஊரான கீழக்கரையில் அக்காவை ராத்தா என்பார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். மற்றவர்களுக்கெல்லாம் முதலில் அவருடைய குரல்தான் நினைவுக்கு வரும். மேனேஜர் அறைக் கதவு மூடியிருந்தாலும் உள்ளே கேட்கும். என் குரல் பக்கத்து மேசைக்கே எட்டாது. "இந்தப் புள்ளைக்கு வால்யூம் பட்டனே வைக்கலியே" என்பார்.

இங்கே வேலை பார்த்த பதினாறு வருடமும் அவருடைய லீவு ஊருக்கே போனது. யாருக்காவது கல்யாணம், யாருக்காவது பிரசவம். போன பெருநாளுக்கு முன் திடீரென்று, "லீவுன்னா ஊருதான்னு எவன் சொன்னது? கம்போடியா போவோம், வா" என்றார். அங்கே கெமர் மக்கள் கட்டிய பழைய கோயில்களை ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார்.

"கோயிலா, ராத்தா?"

"கட்டடம் புள்ள, கட்டடம். பதினாறு வருசமா ஏசி டக்ட் வரைபடத்தையே பாத்தாச்சு. ஒரு நல்ல கட்டடம் பாக்கக் கூடாதா?"

கம்போடியா போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், கூட்டமே இல்லாத ஒரு சிறிய கோயில். கூரை சரிந்து, சுவரில் மரவேர் இறங்கியிருந்தது. ராத்தா மூச்சு வாங்கப் படியேறிக் கருவறைக்குள் போய்விட்டார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். யாரும் தடுக்கவில்லை. கால்தான் நகரவில்லை.

"என்ன, வௌவாலுக்குப் பயமா?"

"இல்ல ராத்தா. ஊர்ல எங்க ஆளுங்கள உள்ள விட மாட்டாங்க. தேர் வரும்போது தெருமுனையில நின்னு பார்ப்போம்."

அலுவலகத்தில் யாரிடமும் நான் சொல்லாதது அது. ஊர் எது என்று கேட்டால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ராத்தா வாசல் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டி, "நானே உள்ள நிக்கிறேன். உனக்கென்ன, வா" என்றார்.

போனேன். சிலை இல்லை. விரிசல் விட்ட பீடம், அதன் குழியில் மழைத்தண்ணீர், மேலே வானம்.

"இவ்வளவுதானா, ராத்தா?"

"இவ்வளவுதான். இதுக்கா புள்ள உங்கள வெளியவே நிக்க வெச்சாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. செருப்பும் கையுமாக நான் சிரிப்பதை அப்படியே ஒரு படம் எடுத்தார். அதை அப்பாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் குரல்செய்தி வந்தது: "செருப்ப மாட்டிக்கம்மா. கல்லு குத்தும்."

அந்தப் படத்தின் ஓரத்தில் ராத்தாவின் விரல் லென்ஸை மறைத்திருக்கிறது. வெட்டிவிடலாமென்று அன்று நினைத்தேன். இனி வெட்ட மாட்டேன். என்னிடம் இருக்கும் பரீதா ராத்தா அந்த விரல்தான்.